மைனஸ் வோல்டேஜ் தரும் எட்டுக்கால் ஐசி: எங்கள் கரையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

மண்டபத்தில் மின்னணுக் கருவிகள் பழுது பார்க்கிறேன். விசைப்படகுகளின் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (கடலின் ஆழம் பார்க்கும் கருவி), வயர்லெஸ் செட் இவைதான் முக்கால்வாசி வேலை. மீதி, ராமநாதபுரம், கீழக்கரை பக்கத்திலிருந்து மாணவர்கள் ப்ராஜெக்ட் என்று கொண்டுவருபவை. கடல் நீரை அளக்கும் கருவிகள்தான் அதில் நிறைய வரும். இந்த இரண்டு வகையிலும் ஒரு சின்ன ஐசி அடிக்கடி எதிர்ப்படுகிறது. பிளஸ் 5 வோல்ட்டை வாங்கிக்கொண்டு மைனஸ் 5 வோல்ட்டைத் தருகிற ஐசி.

அதைப் பற்றிய சந்தேகங்களும் ஒரே மாதிரிதான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைக்கிறேன். வெறுமனே 7660 என்று சொன்னால் ஐசிஎல்7660, டிசி7660 போல ஒரே காலமைப்புள்ள ஐசிகளைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1. சார், வோல்டேஜ்ல மைனஸ்னு ஒண்ணு எப்படி இருக்கும்? கரண்ட் இருக்கும், இல்லேன்னா இருக்காது, அவ்வளவுதானே?

வோல்டேஜ் என்பது எப்போதுமே இரண்டு இடங்களுக்கு நடுவிலுள்ள வித்தியாசம். பாம்பன் பாலம் எவ்வளவு உயரம் என்பதைக் கடல் மட்டத்தை வைத்துச் சொல்கிறோம். பாலத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்பதையும் அதே மட்டத்தை வைத்துத்தான் சொல்கிறோம். சர்க்யூட்டில் அந்தக் கடல் மட்டம் கிரவுண்டு. அதற்கு மேலே இருப்பது பிளஸ், கீழே இருப்பது மைனஸ்.

வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு 1.5 வோல்ட் பேட்டரிகளை வரிசையாகச் சேர்த்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை நடுவில் வையுங்கள். சிவப்பு முனையை ஒரு பக்கம் வைத்தால் 1.5, மறுபக்கம் வைத்தால் −1.5 காட்டும். பேட்டரியில் எதுவும் மாறவில்லை, நடுவைக் கிரவுண்டு என்று நாம் வைத்துக்கொண்டதால்தான் ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ்.

2. சரி, அது நமக்கு எதுக்கு? போர்டுல பிளஸ் 5 வோல்ட் இருக்கே, அது போதாதா?

ஒரு நேரடி உதாரணம் சொல்கிறேன். பாலிடெக்னிக் மாணவிகள் நான்கு பேர் பாக் நீரிணைத் தண்ணீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) அளக்கும் கருவி செய்துகொண்டு வந்தார்கள். எலுமிச்சைச் சாற்றில் வைத்தால் சரியாகக் காட்டியது. வினிகரிலும் சரி. கடல் நீரில் வைத்தால் மட்டும் 7 என்று காட்டி அங்கேயே நின்றுவிட்டது. சோப்புத் தண்ணீரில் வைத்தாலும் அதே 7. புரோப் (தண்ணீரில் முக்கும் முனை) கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டாவது புரோப்பும் வாங்கிவிட்டார்கள்.

புரோப் நன்றாகத்தான் இருந்தது. பிஎச் புரோப் 7-இல் பூஜ்ஜியம் வோல்ட் தரும். அதற்குக் கீழே, அதாவது அமிலப் பக்கம், ஒவ்வொரு பிஎச் அளவுக்கும் சுமார் 59 மில்லிவோல்ட் பிளஸ் பக்கம் ஏறும் (25 டிகிரி வெப்பத்தில்). 7-க்கு மேலே போனால் அதே அளவு மைனஸ் பக்கம் இறங்கும். கடல் நீர் 8.1 அளவில் இருப்பதால் புரோப் தருவது ஏறக்குறைய −65 மில்லிவோல்ட். அவர்களுடைய ஆப்-ஆம்புக்கு (புரோப்பின் சின்ன சிக்னலைப் பெருக்கும் ஐசி) கொடுத்திருந்தது பிளஸ் 5 வோல்ட்டும் கிரவுண்டும் மட்டும். கிரவுண்டுக்குக் கீழே இறங்க அதற்கு வழியே இல்லை. பூஜ்ஜியத்தில் முட்டி நின்றது, அதைக் கருவி 7 என்று படித்தது. ஆப்-ஆம்பின் கீழ்க்காலுக்கு −5 வோல்ட் கொடுத்ததும் 8.1 வந்தது. அந்தப் பெண்களின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

இது தவிர, பழைய ஜிபிஎஸ் கருவிகள் கணினியோடு பேசும் ஆர்எஸ்-232 வழியிலும் மைனஸ் வோல்டேஜ் வேண்டும். அங்கே இருக்கும் மேக்ஸ்232 ஐசி தன் உள்ளேயே 5 வோல்ட்டிலிருந்து சுமார் பிளஸ் 10, மைனஸ் 10 இரண்டையும் செய்துகொள்கிறது. அதைச் சுற்றியுள்ள நான்கு கெப்பாசிட்டர்கள் (சார்ஜைப் பிடித்து வைக்கும் பாகங்கள்) அதற்குத்தான்.

3. அந்த ஐசிக்குள்ள அப்படி என்னதான் நடக்குது? இல்லாத மைனஸை எங்கிருந்து கொண்டு வருது?

எங்கிருந்தும் கொண்டு வரவில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறது. படகு ஜெட்டியில் ஐந்தடிக் கம்பு ஒன்றை நிறுத்திப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கம்பின் அடி தண்ணீர் மட்டத்தில் இருக்கிறது, நுனி ஐந்தடி மேலே. இப்போது நுனி தண்ணீர் மட்டத்துக்கு வரும்வரை கம்பைக் கீழே அமுக்குங்கள். கம்பின் நீளம் மாறவில்லை, ஆனால் அதன் அடி இப்போது மட்டத்துக்கு ஐந்தடி கீழே.

அந்தக் கம்புதான் கெப்பாசிட்டர், நீளம்தான் அதில் ஏறியிருக்கும் வோல்டேஜ். ஐசிக்குள் நான்கு ஸ்விட்சுகள் இருக்கின்றன. முதல் இரண்டு சேரும்போது கெப்பாசிட்டரின் பிளஸ் முனை 5 வோல்ட்டோடும் மைனஸ் முனை கிரவுண்டோடும் சேர்ந்து சார்ஜ் ஏறுகிறது. பிறகு அவை விலகி, மற்ற இரண்டு சேருகின்றன. இப்போது பிளஸ் முனை கிரவுண்டில், அதனால் மைனஸ் முனை கிரவுண்டுக்கு 5 வோல்ட் கீழே. அங்கே காத்திருக்கும் இரண்டாவது கெப்பாசிட்டர் அதை வாங்கிச் சேமித்துக்கொள்கிறது.

7660-இன் உள் ஆஸிலேட்டர் (சீராகத் துடிப்பு தரும் பகுதி) 10 கிலோஹெர்ட்ஸ், அது பாதியாகப் பிரிந்து விநாடிக்கு 5,000 முறை இந்த மாற்றம் நடக்கிறது. ஒரே தடவையில் −5 வந்துவிடாது. இரண்டு கெப்பாசிட்டரும் ஒரே அளவாக இருந்தால் முதல் சுற்றில் −2.5, அடுத்ததில் −3.75, அதற்கடுத்து ஏறக்குறைய −4.4 என்று மீதியில் பாதி பாதியாக நெருங்கும். லோடு (கரண்ட் எடுக்கும் பாகம்) இல்லாதபோது சில மில்லிவிநாடிகளில் முழு அளவு வந்துவிடும்.

4. இதுல காயிலே இல்லையே, அப்போ தரமான சப்ளைதானா?

காயில் (கம்பிச் சுருள்) இல்லாததுதான் இதன் வசதி. காயில் உள்ள கன்வெர்ட்டர் அதிகக் கரண்ட் தரும், வோல்டேஜையும் நிலையாகப் பிடித்து வைக்கும், ஆனால் சரியான காயிலைத் தேடவேண்டும், அதன் காந்தச் சத்தமும் பக்கத்திலுள்ள ஆம்ப்ளிஃபயருக்குள் போகும். சில மில்லி ஆம்பியர் போதும் என்றால் ஒரு ஐசி, இரண்டு கெப்பாசிட்டர் போதும்.

5. எந்தக் கால் எங்க போகணும்னு ஒரு தடவை தெளிவா சொல்லிடுங்கண்ணே.

ஐசியின் வெட்டு மேலே இருக்கும்படி வைத்தால் இடது மேல் மூலை 1. அங்கிருந்து கீழே 4 வரை, பிறகு வலது பக்கம் கீழிருந்து மேலே 5 முதல் 8 வரை. 8-க்குப் பிளஸ் சப்ளை, 3-க்குக் கிரவுண்டு. இடம் மாறும் கெப்பாசிட்டர் 2-க்கும் 4-க்கும் நடுவில், பிளஸ் முனை 2-இல். 5-இலிருந்து மைனஸ் வெளியே வரும். சேமிக்கும் கெப்பாசிட்டர் 5-க்கும் கிரவுண்டுக்கும் நடுவில். இரண்டும் 10 மைக்ரோஃபாரட்.

1-ஆம் கால் சாதாரண 7660-இல் சும்மா இருக்கும். 7-ஆம் கால் ஆஸிலேட்டருக்கு, அதைத் தொடவேண்டாம். 6-ஆம் காலில்தான் பலரும் தவறுவதால் அதைத் தனியாக 10-ஆம் கேள்வியில் சொல்கிறேன். 8-க்கும் 3-க்கும் நடுவிலும் ஒரு கெப்பாசிட்டர் போடுங்கள். படத்தில் இல்லாவிட்டாலும் போடுங்கள், ஒவ்வொரு மாற்றத்திலும் ஐசி ஒரு வாய் கரண்டை வெடுக்கென்று இழுக்கும்.

6. எல்லாம் படத்துல இருக்கிற மாதிரியே போட்டேன் சார். அவுட்புட் கெப்பாசிட்டர் உப்பிப் போச்சு. ஐசி டூப்ளிகேட்டா?

ஐசியின் மேல் பழி போடும் முன் கெப்பாசிட்டரை எந்தப் பக்கமாகப் போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். என்னிடம் வரும் பழுதடைந்த 7660 போர்டுகளில் இந்தத் தவறுதான் முதலிடம். நம் கை பழகிவிட்டது. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் என்றால் மைனஸ் கோடு போட்ட கால் கிரவுண்டுக்கு, நீளமான கால் சப்ளைக்கு. வருஷக்கணக்காக அப்படித்தான் சால்டர் வைத்திருக்கிறோம்.

5-ஆம் காலில் இருப்பது −5. கிரவுண்டு அதைவிட 5 வோல்ட் மேலே. ஆகவே சேமிக்கும் கெப்பாசிட்டரின் பிளஸ் கால் கிரவுண்டுக்கும், கோடு போட்ட மைனஸ் கால் 5-ஆம் காலுக்கும் போகவேண்டும். மாற்றிப் போட்டால் அலுமினியக் கெப்பாசிட்டர் முதலில் கரண்டை ஒழுகவிட்டு வோல்டேஜை இறக்கும், அப்புறம் சூடாகி உப்பும். டேண்டலமாக இருந்தால் பற்றியே எரியலாம். அவுட்புட்டில் −5 வராமல் −1, −2 என்று தடுமாறினால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

மைனஸ் சப்ளையில் வேலை செய்யும் ஆப்-ஆம்ப் பக்கத்தில் போடும் கெப்பாசிட்டருக்கும் இதே விதி. ஐசி பக்கத்தில் சரியாகப் போட்டுவிட்டு அங்கே தவறியவர்கள் உண்டு.

7. சும்மா அளந்தா −5 காட்டுது. லோடு போட்டதும் −4.4-க்கு இறங்குது. ஏன்?

இது பழுதல்ல, இந்த ஐசியின் இயல்பு. வெளியே பார்க்கும்போது இதை ஒரு −5 வோல்ட் பேட்டரியும் அதோடு வரிசையில் ஒரு ரெசிஸ்டரும் என்று நினைத்துக்கொள்ளலாம். 7660-க்கு அந்த ரெசிஸ்டர் சாதாரணமாக 55 ஓம் அளவு. 10 மில்லி ஆம்பியர் எடுத்தால் 0.55 வோல்ட் அதில் போய்விடும், மீதி −4.45.

அந்த ஓம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று உள்ளே உள்ள ஸ்விட்சுகள், அவற்றின் பங்கு சுமார் 46 என்று கணக்கு வைக்கிறார்கள். இன்னொன்று கெப்பாசிட்டர் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சார்ஜை மாற்ற முடியும் என்பது. 10 மைக்ரோஃபாரட்டை விநாடிக்கு 5,000 முறை மாற்றினால் அது 20 ஓமுக்குச் சமம். கெப்பாசிட்டரின் உள் எதிர்ப்பு இதற்கு மேல் சேரும், அதிலும் இடம் மாறும் கெப்பாசிட்டருடையது நான்கு மடங்காகச் சேரும். கூட்டினால் 66-க்கு மேல் வருகிறதே என்று சரியாகக் கேட்பீர்கள். டிசைன் செய்யும்போது எப்போதும் மோசமான பக்கத்தை வைத்துத்தான் கணக்குப் போடவேண்டும். 55 என்பது பெரும்பாலான ஐசிகளில் வருவது, 100 வரைகூடப் போகலாம்.

8. அப்போ 10-க்குப் பதிலா 1000 மைக்ரோஃபாரட் போட்டா சரியாயிடுமா?

ஆகாது. 100 போட்டால் அந்த 20 ஓம் 2 ஆகிவிடும், நல்லதுதான். அதற்கு மேலே எவ்வளவு போட்டாலும் ஸ்விட்சின் 46 ஓம் அப்படியே இருக்கும். 100-க்கும் 1000-க்கும் மல்டிமீட்டரில் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம். மலிவான பெரிய கெப்பாசிட்டரின் உள் எதிர்ப்பு கூடுதலாக இருந்தால், மேலே சொன்ன நான்கு மடங்குக் கணக்கில் நிலைமை மோசமாகக்கூட ஆகலாம்.

9. படகுல 12 வோல்ட் பேட்டரிதான் இருக்கு. நேரா 8-ஆம் கால்ல குடுத்துடலாமா காக்கா?

கொடுக்கவே கூடாது. 7660 தாங்குவது 10 வோல்ட். எஸ் என்ற எழுத்தோடு வரும் 7660எஸ் 12 வோல்ட் வரை தாங்கும் என்பதால் அதை நம்பி நேராகக் கொடுத்தவர்கள் உண்டு. 12 வோல்ட் பேட்டரி 12 வோல்ட்டில் நிற்பதில்லை. சார்ஜ் ஏறும்போது 14-க்கு மேலே போகும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் வரும் அதிர்ச்சி வோல்டேஜ்கள் அதற்கும் மேலே.

தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்த கருவி கரையில் வைத்து மூன்று நாள் நன்றாக ஓடியிருக்கிறது. நாலாம் நாள் விடியற்காலையில் எஞ்சினை முடுக்கியதும் செத்துவிட்டது. திறந்து பார்த்தால் 7660எஸ்-இன் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு குழி, சுற்றிலும் பழுப்பு வளையம். 7805 (வோல்டேஜை 5-இல் நிலையாகப் பிடித்து வைக்கும் ஐசி) ஒன்றை முன்னால் போட்டு, 5 வோல்ட்டாக்கிக் கொடுத்தேன். 7805-க்கு முன்னால் ஒரு ஃபியூஸும், அதிர்ச்சி வோல்டேஜை உறிஞ்சும் டிவிஎஸ் டையோடும் போட்டேன். படகுக்கு அதுதான் சரியான வழி.

மைனஸ் 12 பக்கமாகத்தான் வேண்டும் என்றால் 20 வோல்ட் வரை தாங்கும் ஐசிஎல்7662 இருக்கிறது. அதற்கும் அந்த டிவிஎஸ் டையோடு வேண்டும்.

10. 6-ஆம் கால்ல எல்வி-ன்னு போட்டிருக்கே, அதை கிரவுண்டு பண்ணணுமா வேண்டாமா? ஒவ்வொரு படத்துல ஒவ்வொரு மாதிரி இருக்கு.

இரண்டு படமும் சரியாகத்தான் இருக்கும், சப்ளை வோல்டேஜ்தான் வேறு. 7660-க்குக் கொடுக்கும் சப்ளை 3.5 வோல்ட்டுக்குக் கீழே என்றால் 6-ஐக் கிரவுண்டு செய்யவேண்டும், மேலே என்றால் சும்மா விடவேண்டும். 5 வோல்ட் போர்டில் அதைக் கிரவுண்டு செய்தால் ஐசி உள்ளுக்குள் பூட்டிக்கொண்டு, சப்ளையை அப்படியே கிரவுண்டுக்கு இழுத்துச் சூடாகும் ஆபத்து உண்டு. 3.3 வோல்ட் இஎஸ்பி32 போர்டிலிருந்து எடுப்பவர்கள் கிரவுண்டு செய்யுங்கள்.

லித்தியம் செல்லிலிருந்து நேராக எடுப்பவர்களுக்குத்தான் சிக்கல். நிரம்பியபோது 4.2, தீரும்போது 3, அதாவது எல்லைக்கு இரண்டு பக்கமும் போகிறது. அதற்கு 7660 வேண்டாம். டிபிஎஸ்60400 வகை 1.6 முதல் 5.5 வோல்ட் வரை ஓடும், எல்வி காலே கிடையாது. ஐந்தே கால், ஆனால் ரொம்பச் சின்னது. சால்டர் வைக்கக் கை நடுங்கக்கூடாது.

11. எனக்கு 100 மில்லி ஆம்பியர் மைனஸ் வேணும். நாலஞ்சு 7660-ஐ சேர்த்துக் கட்டலாமா?

கட்டலாம். ஒவ்வொரு ஐசிக்கும் தனித்தனியாக இடம் மாறும் கெப்பாசிட்டர் வேண்டும், சேமிக்கும் கெப்பாசிட்டர் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று போதும். இரண்டு ஐசி சேர்த்தால் 7-ஆம் கேள்வியில் சொன்ன 55 ஓம் பாதியாகும். ஆனால் 100 மில்லி ஆம்பியருக்கு இது வீண் வேலை.

அதற்கென்றே ஐசிகள் இருக்கின்றன. மேக்ஸ்660 அந்த அளவைத் தரும், உள் எதிர்ப்பு 6.5 ஓம் அளவுதான். எல்எம்2662 200 மில்லி ஆம்பியர் வரை. இரண்டும் 5.5 வோல்ட்டுக்கு மேலே தாங்காது, படகு பேட்டரிப் பக்கம் கொண்டு போகாதீர்கள். எல்டி1054 15 வோல்ட் வரை வாங்கிக்கொண்டு 100 மில்லி ஆம்பியர் தரும், ஆனால் முழு லோடில் 1 வோல்ட்டுக்கு மேல் உள்ளேயே போய்விடும். முக்கியமாக எல்டி1054-இன் 1, 6-ஆம் கால்களின் வேலை வேறு. சாக்கெட்டில் 7660-ஐ எடுத்துவிட்டு அப்படியே சொருகும் முன் அந்தக் கால்களில் ஏதாவது இணைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் உங்களுக்கு உண்மையிலேயே 100 வேண்டுமா என்று அளந்து பாருங்கள். சாதாரண ஆப்-ஆம்ப் ஒன்று எடுப்பது ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர்தான். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு ஒரே 7660 போதுமானதாக இருந்தது.

12. இது ரெகுலேட் ஆன வோல்டேஜா? பேட்டரி இறங்கினா இதுவும் இறங்குமா?

ரெகுலேட் ஆனதல்ல, அதாவது நிலையாகப் பிடித்து வைத்ததல்ல, அதனால் இறங்கும். 5 கொடுத்தால் −5, 4.6 கொடுத்தால் −4.6, லோடு இருந்தால் இன்னும் குறைவு. ஆப்-ஆம்பின் கீழ்க்காலுக்கு இது பிரச்சினையே இல்லை, அதற்குக் கிரவுண்டுக்குக் கீழே கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும். ஆனால் இந்த −5-ஐ அளவுகோலாக வைத்து எதையும் அளக்காதீர்கள். நிலையான மைனஸ் வேண்டுமென்றால், உள்ளேயே 2.5 வோல்ட் அளவுகோல் உள்ள எல்டி1054-ஐ இரண்டு ரெசிஸ்டர் போட்டு ரெகுலேட் செய்யலாம்.

13. ஹைட்ரோஃபோன்ல ஒரு மெல்லிசு விசில் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. கடல்ல இருந்து வருதா, போர்டுல இருந்து வருதா?

மன்னார் வளைகுடாப் பவளப்பாறைப் பக்கம் ஹைட்ரோஃபோனை (தண்ணீருக்குள் சத்தம் கேட்கும் மைக்) இறக்கினால் எண்ணெயில் கடுகு வெடிப்பது மாதிரிப் படபடவென்று ஒரு சத்தம் நிற்காமல் கேட்கும். அது கொடுக்கைச் சொடுக்கும் இறால்களின் சத்தம். அதற்கு நடுவில் ஒரே சுருதியில் மெல்லிய விசில் கேட்டால் அது போர்டிலிருந்துதான். ஹைட்ரோஃபோனைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பாருங்கள், அப்போதும் கேட்கும்.

காரணம் 3-ஆம் பதிலிலேயே இருக்கிறது. விநாடிக்கு 5,000 மாற்றம் என்றால் அது காதுக்கு நன்றாகக் கேட்கும் அலைவரிசை. 10 மில்லி ஆம்பியர் லோடில், 10 மைக்ரோஃபாரட் சேமிப்பில், அவுட்புட்டில் ஏறி இறங்கும் அலை சுமார் 100 மில்லிவோல்ட். 2 மில்லி ஆம்பியருக்கே 20. ஹைட்ரோஃபோன் தருவதோ அதைவிட எவ்வளவோ சின்ன சிக்னல்.

மூன்று வழி. சேமிக்கும் கெப்பாசிட்டரைப் பெரிதாக்குங்கள், இங்கே பெரிது உண்மையிலேயே பலன் தரும். அடுத்து, 5-ஆம் காலுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் 100 ஓம் ரெசிஸ்டரும், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் 100 மைக்ரோஃபாரட்டும் போடுங்கள். 2 மில்லி ஆம்பியருக்கு 0.2 வோல்ட்தான் இழப்பு, அலை ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். மூன்றாவது, 7660எஸ்-இல் 1-ஆம் கால் சும்மா இல்லை. அதைப் பிளஸ் சப்ளையோடு இணைத்தால் வேகம் பல மடங்கு கூடும், சத்தம் காதின் மேல் எல்லைப் பக்கம் போய்விடும். ஐசி தான் எடுத்துக்கொள்ளும் கரண்டும் கூடும். நான் இரண்டாவது வழியைத்தான் எப்போதும் முதலில் செய்வேன்.

14. செராமிக் கெப்பாசிட்டர் போடலாமா? அதுல பிளஸ் மைனஸ் தொல்லையே இல்லையே.

தாராளமாக. உப்பும் பயம் இல்லை, உள் எதிர்ப்பும் குறைவு. ஒன்றே ஒன்று கவனிக்கவேண்டும். செராமிக்கில் எழுதியிருக்கும் அளவு, வோல்டேஜ் ஏறும்போது குறையும். 6.3 வோல்ட் தாங்கும் குட்டி 10 மைக்ரோஃபாரட் செராமிக்கில் 5 வோல்ட் ஏற்றினால் அதில் பாதிகூட மிஞ்சாமல் போகலாம். 16 அல்லது 25 வோல்ட் தாங்கும் எக்ஸ்7ஆர் வகையை வாங்குங்கள். ஒய்5வி என்று இருந்தால் வேண்டாம், நம் ஊர் வெயிலில் டப்பாவுக்குள் ஏறும் சூட்டுக்கு அது இன்னும் சுருங்கும்.

15. ஐசி கிடைக்கலே. 555 வச்சு செஞ்சுடலாமா?

செய்யலாம். 555 என்ற டைமர் ஐசியை ஆஸிலேட்டராக ஓடவிட்டு, அதன் 3-ஆம் காலில் ஒரு கெப்பாசிட்டர், இரண்டு டையோடு, இன்னொரு கெப்பாசிட்டர். ஸ்விட்சுகளுக்குப் பதிலாக டையோடுகள் என்பதுதான் வித்தியாசம். 555 எந்தக் கடையிலும் கிடைக்கும்.

இழப்பு மட்டும் அதிகம். ஒவ்வொரு டையோடும் 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ளும். சாதாரண 555-இன் அவுட்புட்டும் சப்ளைக்கு ஒன்றரை வோல்ட் அளவு கீழேதான் நிற்கும். 12 வோல்ட்டிலிருந்து −9 அளவு கிடைக்கும், அது பரவாயில்லை. 5 வோல்ட்டிலிருந்து −2 அளவுதான். 2-ஆம் கேள்வியில் வந்த பிஎச் கருவிக்கு வேண்டியது −65 மில்லிவோல்ட் என்பதால், ஆப்-ஆம்ப் பொருத்தமானதாக இருந்தால் இதுகூடப் போதும்.

16. −10 வேணும்னா ரெண்டு ஐசியை வரிசையா போடலாமா?

போடலாம், −10 வரும், ஆனால் கரண்ட் எடுக்க எடுக்க வேகமாகச் சரியும். இரண்டாவது ஐசி தான் எடுப்பதை முதல் ஐசியிடமிருந்து பெருக்கி வாங்குவதால், உள் எதிர்ப்பு வெறுமனே இரண்டு மடங்கோடு நிற்காது. ஒன்றிரண்டு மில்லி ஆம்பியருக்கு மேல் இதை நம்பாதீர்கள். மேக்ஸ்232 சும்மா கிடந்தால் அதன் மைனஸ் காலிலிருந்து சில மில்லி ஆம்பியர் எடுக்கும் பழைய பழக்கமும் உண்டு. அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன்.

17. வாங்கின ஐசி ஒரிஜினலான்னு எப்படி பார்க்கிறது?

பிரெட்போர்டில் 5-ஆம் பதிலில் சொன்னபடி கட்டி, 5 வோல்ட் கொடுங்கள். லோடு இல்லாமல் −5-க்கு மிக அருகில் இருக்கவேண்டும், ஐசி எடுக்கும் கரண்ட் அரை மில்லி ஆம்பியருக்குள் இருக்கவேண்டும். பிறகு 470 ஓம் ரெசிஸ்டரை லோடாகப் போடுங்கள். −4.4, −4.5 அளவில் நின்றால் நல்ல ஐசி. −4 கூட வராமல் சரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேலே அச்சிட்டிருக்கும் பெயரைவிட இந்த ரெசிஸ்டர் நம்பகமானது.

18. ஆறு மாசம் நல்லா ஓடிச்சு. கச்சான் காத்து ஆரம்பிச்சதும் மைனஸ் வர்றதே இல்லே. ஐசி மாத்தியும் சரியாகலே.

ஐசியைத் திரும்பப் பழைய இடத்திலேயே வையுங்கள், அது கெட்டிருக்காது. போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கால்களுக்கு நடுவில் வெள்ளைப் பொருக்கும், செம்பு ஓரத்தில் பச்சையும் தெரியும். கச்சான் (மேற்குப் பக்கக் காற்று) அடிக்கும் மாதங்களில் உப்புத் துவலை மூடிய டப்பாவுக்குள்ளும் போய்விடும். இரவில் ஈரம் பட்டதும் அந்த உப்பு கரண்டைக் கடத்தும். 7-ஆம் கால் மிக மெல்லிய சிக்னல் உள்ள கால். அங்கே 100 பிக்கோஃபாரட் சேர்த்தாலே 10 கிலோஹெர்ட்ஸ் 1 கிலோஹெர்ட்ஸாக இறங்கிவிடும். உப்பு ஒழுக்கு பட்டால் ஆஸிலேட்டர் தடுமாறும், நின்றும் போகும்.

பலரும் நேராக ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்கிறார்கள். உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, இடம்தான் மாறும். முதலில் உப்பில்லாத தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் போதும், ஊற்றிப் பழைய பல் பிரஷால் தேயுங்கள். எங்கள் ஊர் போர் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு. அப்புறம் ஆல்கஹால், அது தண்ணீரை விரட்டும். நிழலில் ஒரு நாள் காயவிட்டு, கான்ஃபார்மல் கோட்டிங் (போர்டைக் காக்கும் பூச்சு) இரண்டு தடவை அடியுங்கள். கனெக்டர் வாயை மட்டும் டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள்.

19. சில நேரம் ஆன் பண்ணினா மைனஸ் வருது, சில நேரம் வரலே. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா வந்துடுது. என்ன கோளாறு?

இதுதான் எனக்கு வந்ததிலேயே அதிக நாள் எடுத்த கேள்வி. லோடு எங்கே இணைந்திருக்கிறது என்று பாருங்கள். ஆப்-ஆம்ப் பிளஸ் 5-க்கும் மைனஸ் 5-க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, கிரவுண்டோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. சப்ளை வந்த முதல் கணத்தில் பிளஸ் தயார், ஆனால் மைனஸ் இன்னும் உருவாகவில்லை (அந்தப் பாதி பாதிக் கணக்கை 3-ஆம் பதிலில் பாருங்கள்). அந்த இடைவெளியில் ஆப்-ஆம்ப் வழியாக வரும் கரண்ட், ஐசியின் 5-ஆம் காலைக் கிரவுண்டுக்கு மேலே தூக்கிவிடுகிறது. கிரவுண்டுக்குக் கீழே இருக்கவேண்டிய கால் மேலே போனால் ஐசி திணறும், தொடங்காமலே நின்றுவிடும்.

மருந்து ஒரே ஒரு ஷாட்கி டையோடு. 1என்5817 போதும். கோடு போட்ட முனை கிரவுண்டுக்கு, மற்ற முனை 5-ஆம் காலுக்கு. வேலை நடக்கும்போது அது சும்மா இருக்கும். 5-ஆம் கால் மேலே ஏறப் பார்த்தால் மட்டும் பிடித்துக் கிரவுண்டுக்கு இழுக்கும். சாதாரண 1என்4007 வேண்டாம், அது 0.6, 0.7 வரை விட்டுவிடும்.

20. இவ்வளவு தொல்லைக்கு மைனஸே இல்லாம செய்ய வழி இல்லையா?

உண்டு, பல நேரம் அதுவே நல்ல வழி. 1-ஆம் பதிலில் சொன்னதுபோல, எதைக் கிரவுண்டு என்று வைக்கிறோம் என்பது நம் கையில். பிஎச் புரோப்பின் வெளி உறையைக் கிரவுண்டில் கட்டாமல் 2.5 வோல்ட்டில் கட்டினால், −65 மில்லிவோல்ட் என்பது 2.435 வோல்ட்டாகத் தெரியும். மைனஸே தேவையில்லை. கடையில் வரும் பல பிஎச் போர்டுகள் இப்படித்தான் இருக்கின்றன. ஆனால் அதே கடல் நீரில் இன்னொரு சென்சாரும் மூழ்கியிருந்து, அதன் உலோகம் உண்மையான கிரவுண்டில் இருந்தால், தண்ணீர் வழியாக இரண்டு கிரவுண்டும் சண்டை போடும், அளவு தாறுமாறாகும்.

அந்த நான்கு மாணவிகளுடைய கருவியில் துருப்பிடிக்காத எஃகு உறை போட்ட வெப்பநிலை சென்சாரும் அதே வாளியில் இருந்தது. அதனால்தான் அவர்களுக்கு 7660 போட்டுக் கொடுத்தேன். வெப்பநிலை சென்சார் இல்லாமல் வந்திருந்தால் 2.5 வோல்ட் வழியைத்தான் சொல்லியிருப்பேன்.